ஸ்கிரிப்டுக்குத் தனிச் சாவி கேளுங்கள்

"ஓப்பன்ஸ்டாக் ஏபிஐக்கு அக்சஸ் வேண்டும்." நிறுவனத்தின் சொந்த கிளவுடை நடத்தும் மென்பொருளான ஓப்பன்ஸ்டாக்கிடம் ஸ்கிரிப்ட் மூலம் வேலை வாங்கும் வழிதான் ஏபிஐ. தனியார் கிளவுட் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஒற்றை வரி டிக்கெட் நன்றாகவே பழக்கம். எந்த புராஜெக்ட், என்ன வேலை, அந்த ஸ்கிரிப்ட்டை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று திருப்பிக் கேட்பேன். கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வராது.

பதில் சொல்லப் பொறுமை இல்லாதவர்கள் குறுக்கு வழியில் போய்விடுகிறார்கள். ஓப்பன்ஸ்டாக்கின் இணையப் பக்கமான ஹொரைசனில் இருந்து, உள்நுழைவு விவரங்கள் அடங்கிய ஓப்பன்ஆர்சி கோப்பை இறக்கி, பாஸ்வேர்டு கேட்கும் வரியை எடுத்துவிட்டு, தங்கள் சொந்த பாஸ்வேர்டையே அதில் எழுதி வைக்கிறார்கள். கிளவுடில் சர்வர்களை உருவாக்கும் கருவியான டெர்ராஃபார்ம் ஓடிவிடும். ஆனால் பல நிறுவனங்களில் ஓப்பன்ஸ்டாக்கில் உள்நுழைவைச் சரிபார்க்கும் கீஸ்டோன், ஊழியர் கணக்குகளை வைத்திருக்கும் எல்டாப்போடு இணைந்திருக்கும். அதே பாஸ்வேர்டுதான் மின்னஞ்சலுக்கும் விபிஎன்னுக்கும். அந்தக் கோப்பு வெளியே போனால் கிளவுடோடு நிற்குமா? அப்புறம் பாஸ்வேர்டு மாற்றும் நாள் வரும். ராத்திரி ஓட வேண்டிய பேக்கப் ஓடாது. பழைய பாஸ்வேர்டோடு ஸ்கிரிப்ட் திரும்பத் திரும்ப முட்டிப் பார்த்ததில் அவருடைய கணக்கே பூட்டிக்கொள்ளும்.

இந்தச் சிக்கலுக்காகவே ஓப்பன்ஸ்டாக்கின் குவீன்ஸ் வெளியீட்டில், 2018-இல், ஸ்கிரிப்டுக்கென்றே தனிச் சாவியான அப்ளிகேஷன் கிரெடென்ஷியல் வந்தது. ஹொரைசனில் ஐடென்டிட்டி மெனுவுக்குள்ளேயே இருக்கிறது, நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். ஒரு ஐடி, ஒரு சீக்ரெட் கிடைக்கும். சீக்ரெட் ஒரே ஒரு முறைதான் திரையில் தெரியும். கீஸ்டோன் அதைத் திருப்பி மீட்க முடியாத ஹாஷாக மட்டுமே சேமிப்பதால், தொலைத்துவிட்டால் நிர்வாகியாலும் எடுத்துத் தர முடியாது. புதிதாக ஒன்று உருவாக்க வேண்டியதுதான்.

உருவாக்கும்போது அவசரப்படாதீர்கள். ரோல், அதாவது அனுமதி வகை, எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்த புராஜெக்டில் உங்களுக்கு இருக்கும் எல்லா ரோலும் அதற்குப் போய்விடும். கணக்கெடுக்கும் ஸ்கிரிப்டுக்கு, பார்க்க மட்டும் அனுமதிக்கும் ரீடர் போதும். அட்மின் ரோல் வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன்: ஓப்பன்ஸ்டாக்கில் ஒரு புராஜெக்டில் அட்மின் கொடுத்தால், வழக்கமான பாலிசியில் அது பெரும்பாலும் கிளவுட் முழுவதற்குமான அட்மின் ஆகிவிடும். இது நீண்ட காலமாகத் தெரிந்த குறை. காலாவதித் தேதியையும் போட்டுவிடுங்கள். 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்ற பெட்டியில் டிக் போட்டால் அந்தச் சாவியே வேறு சாவிகளை உருவாக்கிக்கொள்ளும். ஹீட் என்ற ஆட்டோமேஷன் சேவை, உங்கள் சார்பில் செயல்படும் அனுமதியான ட்ரஸ்டை உருவாக்க வேண்டிய மாதிரி இடங்களைத் தவிர அதைத் தொடவே வேண்டாம்.

சரி, யார் பெயரில் உருவாக்குவது? அப்ளிகேஷன் கிரெடென்ஷியல் அதை உருவாக்கிய பயனரோடு கட்டப்பட்டது. அந்தக் கணக்கை நீக்கினாலோ, புராஜெக்டில் அவருக்கிருந்த ரோலை எடுத்தாலோ சாவியும் செத்துப்போகும். பாதுகாப்புக்கு இது நல்லதுதான். ஆனால் வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூடிய மறுநாள், யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த ஆட்டோமேஷன் நிற்கும்போதுதான் அது அவர் பெயரில் இருந்ததே தெரியவரும். அதனால் நெடுநாள் ஓட வேண்டிய எதற்கும், தனி ஆளுக்கு இல்லாமல் அந்த வேலைக்கென்றே இருக்கும் சர்வீஸ் அக்கவுன்ட் கேளுங்கள். டிக்கெட்டில் பொறுப்பாளராக ஒரு குழுவின் பெயரை எழுதுங்கள்.

கோடின் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட்டில் சீக்ரெட்டைப் போட்டுவிட்டீர்களா? அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் அது இருக்கும். கோப்பைத் துடைப்பதில் நேரம் செலவழிக்காமல் முதலில் கிரெடென்ஷியலையே நீக்குங்கள். ஒரே பயனருக்கு ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கலாம் என்பதால், வழக்கமாக மாற்றும்போது புதியதை உருவாக்கி, ஸ்கிரிப்டில் போட்டு, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பழையதை நீக்கலாம்.

தனியார் கிளவுடில் சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழ், பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்த சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) கொடுத்ததாக இருக்கும். சான்றிதழ் பிழை வந்தவுடன் சரிபார்ப்பையே அணைத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்தால் நடுவில் கீஸ்டோன் போல நடிக்கும் எவரிடமும் உங்கள் சீக்ரெட் போய்ச் சேரலாம். சிஏ சான்றிதழ் கோப்பைக் கேட்டு வாங்கி, இணைப்பு விவரங்களை எழுதும் கிளவுட்ஸ் யாமல் கோப்பில் அதன் பாதையைக் கொடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும், 'அப்ளிகேஷன் கிரெடென்ஷியல் ஸ்கோப் கேட்க முடியாது' என்ற பொருளில் பிழை வந்தால் பதற வேண்டாம். புராஜெக்ட் எது என்பது சாவிக்குள்ளேயே முடிவாகிவிட்டது; பழைய ஓப்பன்ஆர்சியின் புராஜெக்ட் பெயர் அதே டெர்மினலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். புது டெர்மினல் திறந்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.