திட்டாமல், புத்தி சொல்லாமல் ஒரு கடிதம்

மனச்சோர்வோடு வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "உங்களைப் பத்தி யாராவது மனசாரப் பாராட்டிச் சொன்னது ஞாபகம் இருக்கா?" பெரும்பாலும் சட்டென்று பதில் வராது. வந்தாலும் கூடவே ஒரு வால் இருக்கும். "சார்வாள் ஒருதடவ சொன்னாக... சும்மா சொல்லியிருப்பாக."

மனச்சோர்வு அப்படித்தான் வேலை செய்யும். பழைய அவமானங்களை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். நல்ல ஞாபகங்களைப் பின்னால் தள்ளும், தள்ள முடியாதவற்றைச் சந்தேகப்பட வைக்கும். வாயால் சொன்ன பாராட்டு அந்தச் சந்தேகத்தில் கரைந்துவிடுகிறது. தாளில் எழுதிக் கொடுத்தது அவ்வளவு லேசில் கரைவதில்லை. பாளையங்கோட்டையில் மனநல மருத்துவம் பார்க்கிற எனக்கு இது பழகிப்போன காட்சி.

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) பீடி சுற்றுகிறவர். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. எதைக் கேட்டாலும், "நான் எதுக்கும் லாயக்கில்லாதவ டாக்டர்" என்பதுதான் பதில். மேலே சொன்ன கேள்வியைக் கேட்டதும் பேசாமல் பைக்குள் கைவிட்டு, பீடிக்கடை பாஸ் புத்தகத்தை எடுத்தார். அதன் பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த கோடு போட்ட நோட்டுத்தாள். மடிப்பில் கிழிந்த இடங்களில் செல்லோடேப் ஒட்டியிருந்தார். அந்த டேப்பும் பழுத்துப் போயிருந்தது. எட்டாம் வகுப்போடு அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தியபோது கணக்கு சார் எழுதிக் கொடுத்தது அது.

"நான் போர்டில் போட்டு முடிப்பதற்குள் நீ விடையைச் சொல்லிவிடுவாய். ஒருநாள் என் விடை தப்பு என்று எழுந்து நின்று சொன்னாய். நீ சொன்னதுதான் சரி. படிப்பு நின்றாலும் கணக்கு உன்னை விட்டுப் போகாது." அவ்வளவுதான். கீழே கையெழுத்து, தேதி.

கடிதத்தில் 'நீ புத்திசாலி' என்று எங்கேயுமே இல்லை. இருந்திருந்தால் "எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் எழுதுவாக" என்று அந்த அக்கா தள்ளியிருப்பார். ஆனால் அன்றைக்கு வகுப்பில் நடந்ததை எப்படித் தள்ள முடியும்? "எதுக்கும் லாயக்கில்லன்னா, சாரோட விடை தப்புன்னு சொன்னது யாரு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து "நாந்தான்" என்றார். தெருவில் உள்ள மகளிர் குழுவின் வரவு செலவு நோட்டு இன்றைக்கும் தன்னிடம்தான் இருக்கிறது என்பதையும் அப்போதுதான் சொன்னார். மாத்திரையும் கொடுத்தேன். கடிதத்தாலேயே குணமானார் என்று கதைகட்ட நான் வரவில்லை. ஆனால் பேச்சு தொடங்கியது அந்தத் தாளில்தான்.

இது ஏதோ உருக்கமான தனிக்கதை இல்லை. மருத்துவத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் 1969 முதல் சில ஆண்டுகள் ஒரு ஆய்வு நடத்தினார். தற்கொலை எண்ணத்தாலோ மனச்சோர்வாலோ மருத்துவமனையில் சேர்ந்து, வீடு திரும்பியபின் தொடர்சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்ட 843 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவினருக்கு ஐந்து ஆண்டுகளில் 24 சின்னக் கடிதங்கள் போயின. 'எப்படி இருக்கிறீர்கள், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், தோன்றினால் ஒரு வரி எழுதுங்கள்' என்ற அளவில்தான். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்ற விசாரணை கிடையாது, வரச்சொல்லும் கட்டாயமும் கிடையாது. கடிதம் போன பிரிவில் தற்கொலை மரணங்கள் குறைவாக இருந்தன. முதல் இரண்டு ஆண்டுகளில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. அப்புறம் அது மெல்லமெல்லக் குறைந்து, 14ஆம் ஆண்டு வாக்கில் மறைந்தும் போனது. ஆஸ்திரேலியாவிலும் ஈரானிலும் பிற்பாடு அஞ்சலட்டை அனுப்பிப் பார்த்ததில் பலன் தெரிந்தது. நியூசிலாந்தில் அவ்வளவாகத் தெரியவில்லை. ஆகவே கடிதத்தை மருந்து என்று சொல்லமாட்டேன். ஆனால் செலவே இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு பலன் என்பது சாதாரணமில்லை.

மோட்டோ அனுப்பியவை டைப் அடித்த கடிதங்கள். ஆனால் ஒரே வாசகத்தைத் திரும்ப அனுப்பமாட்டார்கள், பதில் போட்டவருக்கு அவர் எழுதியதைத் தொட்டு அடுத்த கடிதம் போகும். அதனால் கையெழுத்திலேயே ஏதோ மந்திரம் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. 'இது எனக்கென்றே எழுதியது' என்பது படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். அடித்தலும் திருத்தலுமாக, கடைசி வரி இடம் போதாமல் ஓரத்தில் ஏறிப்போன கைக்கடிதத்தில் அதைச் சொல்லவே வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினாலும் தப்பில்லை, ஆனால் மறுநாள் காலை பத்து குட்மார்னிங் படங்களுக்குக் கீழே அது புதைந்துவிடும்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமா என்றும் தோன்றுகிறது. டவுண் சுடலைமாடன் கோயில் தெருவில் இருந்துகொண்டு இலக்கிய விமர்சகர் தி.க.சி. கடைசிக்காலம் வரை, அவர் மறைந்தது 2014இல், முன்பின் தெரியாத இளம் எழுத்தாளர்களுக்கெல்லாம் அஞ்சலட்டை போட்டுக்கொண்டே இருந்தார். ராஜவல்லிபுரத்து எழுத்தாளர் வல்லிக்கண்ணனும் அப்படித்தான். அந்த அட்டைகளைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர்.

இனி எழுதும் விதம். அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர், சென்னையில் இன்ஜினியரிங் படிக்கும் மகனுக்காக என்னிடம் வந்தார். பையனுக்கு அரியர் சேர்ந்து, வகுப்புக்குப் போகாமல் ரூமிலேயே கிடக்கிறான். அப்பாவும் மகனும் போனில் பேசுவது, "சாப்டியா? சரி, வைக்கேன்" என்பதோடு முடிந்துவிடும். ஒரு கடிதம் எழுதுங்களேன் என்றேன். எழுதிக்கொண்டு வந்து காட்டினார். 'கஷ்டப்பட்டுத்தான் படிக்க வைக்கோம். உன்னையத்தான் நம்பியிருக்கோம். பெரியப்பா மகன் வேலைக்குப் போயாச்சு.' எல்லாம் பாசத்தில் எழுதியதுதான், ஆனால் படித்தால் பேங்க் நோட்டீஸ் மாதிரி இருந்தது. நம் வீடுகளில் இது ஒரு வியாதி. அன்பைச் சொல்ல வாயைத் திறந்தால் கடன்கணக்குத்தான் வெளியே வருகிறது. ஏற்கெனவே 'வீட்டுக்குப் பாரமாயிட்டோம்' என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு 'உன்னையத்தான் நம்பியிருக்கோம்' என்பது இன்னொரு மூட்டை.

"புத்தி ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணாச்சி. வீட்டு நடப்ப எழுதுங்க. அவன் செஞ்சதுல உங்களுக்குப் பிடிச்சது ஒண்ண எழுதுங்க, போதும்" என்றேன். அடுத்த தடவை கொண்டுவந்ததில் பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவியது இருந்தது, பசு கிடாரிக் கன்று போட்டது இருந்தது. அப்புறம் இது: 'நீ சின்னதுல வாய்க்கால்ல விழுந்த ஆட்டுக்குட்டியத் தூக்கிட்டு வந்து ராத்திரி பூரா அடுப்புப் பக்கத்துல வச்சிக்கிட்டு முழிச்சிருந்த. நேத்து அந்த ஞாபகம் வந்தது. அரியர் எத்தன இருந்தாலும் வீட்டுக்கு வா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம். அம்மா கேட்டாலும் நான் பாத்துக்கிடுதேன்.'

நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. பையன் பதில் போடவில்லை. அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வந்தான், அம்மாவோடு என்னைப் பார்க்கவும் வந்தான். கடிதத்தைச் சர்டிபிகேட் ஃபைலுக்குள் வைத்திருக்கிறானாம். அதை அம்மாதான் என்னிடம் சொன்னார்.

எழுத உட்கார்ந்தால் வரும் கூச்சம் எல்லோருக்கும் உள்ளதுதான். 'நமக்கென்ன எழுதத் தெரியும், படிச்சா சிரிப்பாக' என்று தோன்றும். 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்த அளவுக்கு அவருக்குச் சங்கடமே இல்லை என்று தெரிந்தது. எதிர்பார்த்ததைவிட அவருக்கு மகிழ்ச்சி அதிகமாகவும் இருந்தது. எழுதுகிறவர் தன் வார்த்தைகளை எடைபோட்டுக்கொண்டிருக்கிறார். படிக்கிறவர் அதையெல்லாம் பார்ப்பதில்லை. எழுத்துப்பிழைக்காக ஒரு கடிதத்தையும் கிழித்துப் போடாதீர்கள். 'எல்லாம் நன்மைக்கே', 'காலம் மாறும்' மாதிரியான காலண்டர் வாசகங்கள் வந்தால் மட்டும் தாராளமாக அடித்துவிடுங்கள். போட்ட பிறகு "கிடைச்சுதா, படிச்சியா, ஏன் ஒண்ணும் சொல்லல" என்று துளைக்காமல் இருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 'இருந்து என்ன செய்ய', 'நான் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி' என்று யாராவது பேசினால், கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். நேரில் போங்கள், தனியாக விடாதீர்கள், சாக நினைக்கிறாயா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 14416 (டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்) அல்லது 104க்கு (அரசு மருத்துவ உதவி எண்) எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டும் போகலாம். கடிதம் அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.