ஸ்கேன் நார்மல், சரி… ஆள்?

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க மேடம். கை கால் நல்லாத்தான் இருக்குதுங்க. வேலைக்குப் போகச் சொன்னா திமிரு பண்றானுங்க." போன வாரம் திருப்பூரில் இருந்து வந்த ஓர் அப்பா சொன்னது. மகன் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பைக்கில் இருந்து விழுந்து தலையில் அடி.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அடிபட்டவர்களுக்கு அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குகிறவள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. விபத்தன்று எடுக்கும் சி.டி. ஸ்கேன், ரத்தக் கசிவும் எலும்பு முறிவும் வீக்கமும் இருக்கிறதா என்று பார்க்கத்தான். தலை குலுங்கியதில் மூளைக்குள் நரம்பிழைகள் இழுபட்டிருந்தால் அதில் பெரும்பாலும் தெரியாது. 'நார்மல்' என்றால் அவசரமாக ஆபரேஷன் செய்ய ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழையபடி ஆகிவிட்டான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை.

மறதி என்று வல்லாரை லேகியம் வேறு கொடுக்கிறார்கள். பல நேரம் அது மறதியே இல்லைங்க. சொன்னது மனசில் ஏறவே இல்லை, அப்புறம் எங்கே நினைவிருக்கும்?

அந்தப் பையனை டீ போடச் சொன்னேன். பால் அடுப்பில் இருக்கும்போது பேச்சுக் கொடுத்தேன். பதில் ஒழுங்காகச் சொன்னான். பால் அவன் கண்ணெதிரே பொங்கி வழிந்தது. மறுபடி போட்டான், நான் வாயைத் திறக்கவில்லை. டீ நன்றாகவே வந்தது. அப்பா அதற்கப்புறம் திமிர் என்ற பேச்சை எடுக்கவில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டில் பிசியோதெரபி இருக்கும். ஆக்குபேஷனல் தெரபி பெரும்பாலும் இருக்காது. நாங்கள் செய்வது இதுதான்: அவரவர் வேலையையே துண்டு துண்டாகப் பிரித்து, முதலில் அமைதியான அறையில் கொஞ்ச நேரம், நடுவில் ஓய்வு. பிறகு ரேடியோ சத்தத்தோடு, பிறகு ஆள் பேச்சோடு. மெஷின் கடைசியில்தான். செல்போன் கேம் ஆடினால் கேம்தான் நன்றாக வரும்.

வீட்டில் டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசாதீர்கள். ஒரு சமயத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சாயங்காலம் எரிந்து விழுந்தால் மூளை களைத்திருக்கிறது என்று அர்த்தம், அடிக்கக் கை ஓங்காதீர்கள். டாக்டர் சொல்லும்வரை வண்டிச் சாவி உங்களிடமே இருக்கட்டும். தறியும் வேண்டாம், மில் மெஷினும் வேண்டாம். சாராயம் அறவே கூடாது.

முதலாளிமார்களே, உங்களுக்கும்தான். திரும்பி வருகிறவனை எடுத்ததுமே பீஸ் ரேட்டில் மெஷினில் உட்கார வைக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு அரை நாள் மட்டும், சத்தமில்லாத மூலையில் பண்டல் கட்டட்டும்.