அறிதுயில்

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளை ஒரே பார்வையில் முழுதாகப் பார்த்துவிட முடியாது. 22 அடி நீளத்துக்குப் பாம்பணைமேல் படுத்திருக்கும் அந்தத் திருமேனிக்கு மூன்று வாசல்கள். ஒன்றில் முகம், ஒன்றில் நடுவுடல், ஒன்றில் பாதம். சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டு, எண்ணெய் விளக்கு வெளிச்சத்துக்குக் கண் பழகட்டும் என்று நான் அங்கே நின்றபோது எனக்கு ஆறேழு வயது இருக்கும். "சாமி உறங்குதா பாட்டா?" என்று கேட்டேன். "உறங்கல்ல மக்ளே. உறங்குத மாதிரி கெடக்காரு. நீ இப்பக் கேட்டதுகூட அவருக்குக் கேட்டிருக்கும்" என்றார் பாட்டா.

அவர் சொன்னதற்குத் தமிழில் ஒரே சொல் இருக்கிறது என்பது சிலப்பதிகாரம் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நாடுகாண் காதையில், புகாரை விட்டுக் கிளம்பும் கோவலனும் கண்ணகியும் 'அணிகிளர் அரவின் அறிதுயில் அமர்ந்த மணிவண்ணன் கோட்டம்' ஒன்றை வலம்வந்து போகிறார்கள். அறிதுயில். வடமொழியில் இதை யோகநித்திரை என்பார்கள்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதன் அழகு புரியும். அறி என்பது வினைப்பகுதி, துயில் என்பது பெயர். நடுவில் காலம் காட்டும் உறுப்பு எதுவும் இல்லாததால் இது வினைத்தொகை: அறிந்த துயில், அறிகின்ற துயில், அறியும் துயில் என்று மூன்று காலத்துக்கும் விரியும். அந்த அறிவு விட்டுவிட்டு வருவதில்லை, படுத்திருக்கும் நேரமெல்லாம் இருக்கிறது என்பதை இலக்கணமே சொல்லிவிடுகிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'அறித்துயில்' என்று எழுதினால் பிழை.

துயில் என்னும் சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீடுகளில் 'உறக்கம்' என்றுதான் பேசுவோம். மலையாளத்திலும் அதே சொல் இருப்பதால், இது திருவிதாங்கூர் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட மலையாளச் சொல் என்று வெளியூர் நண்பர்கள் திருத்த வருவார்கள். 'உறங்கு வதுபோலுஞ் சாக்காடு' என்பது 339ஆம் குறள். வள்ளுவர் சொன்ன சொல்லைத்தான் எங்கள் அம்மைமார் இன்றும் சொல்கிறார்கள். மற்ற ஊர்களில் வழங்கும் 'தூங்கு' என்பதற்குப் பழைய பொருள் தொங்குதல், ஊசலாடுதல். தூக்கணாங்குருவியின் பெயரில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. துயில் இப்போது பேச்சில் இல்லை. கோயிலிலும் பாட்டிலும்தான் மிஞ்சியிருக்கிறது. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், ஒரு புதிய கலைச்சொல்லுக்கு அது தயாராகக் காத்திருந்தது.

ஒருவரை ஆழ்ந்து ஒன்றிப்போன ஒரு நிலைக்குக் கொண்டுபோகும் ஹிப்னாடிசத்துக்கு அறிதுயில் என்பதே சரியான தமிழ்ச் சொல் என்பது என் எண்ணம். மான்செஸ்டரில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1841இல் ஒரு மேடைக் காட்சியைப் பார்த்தார். அதற்கு அப்போது மெஸ்மரிசம் என்று பெயர். மெஸ்மர் என்ற வியன்னா மருத்துவர், ஆட்களுக்குள் ஒருவிதக் காந்தம் ஓடுவதாகவும் அதைத் தன்னால் செலுத்த முடியும் என்றும் சொல்லிவந்தார். 1784இல் பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்த குழு ஒன்று சோதித்துப் பார்த்து, காந்தம் எதுவும் இல்லை, நடப்பதெல்லாம் கற்பனையின் வேலை என்று எழுதிக்கொடுத்தது. பிரெய்டுக்கும் காந்தத்தில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் ஆட்களிடம் வரும் மாற்றம் பொய் இல்லை என்று கண்டார். பளபளப்பான ஒரு பொருளை உற்றுப் பார்க்கச் சொன்னாலே அது வந்தது. கிரேக்கத்தில் ஹிப்னோஸ் என்றால் உறக்கம். அதை வைத்து 1843இல் ஒரு புத்தகம் எழுதி, ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பினார்.

பெயர் வைத்தவரே அதற்காகப் பிறகு வருந்தினார். ஆட்கள் உறங்கவில்லை, ஒரே எண்ணத்தில் ஒன்றியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், 1847இல் 'ஒற்றை எண்ண நிலை' என்று பொருள்படும் வேறொரு பெயரைச் சொல்லிப் பார்த்தார். அதற்குள் பழைய பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இன்றைய கருவிகளும் அவர் பக்கம்தான் நிற்கின்றன. அந்த நிலையில் இருப்பவரின் பதிவு, விழித்திருப்பவரின் பதிவைப் போலத்தான் இருக்கும். ஆழ்ந்த உறக்கத்தின் பெரிய, மெதுவான அலைகளை அதில் காண முடியாது.

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு வருடம் ஹிப்னாடிசக் காட்சி வைத்தார்கள். மேடைக்குப் போனவர்களில் என் சித்தி மகனும் ஒருவன். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பாலம்போல விறைத்துக் கிடந்தான், பச்சை வெங்காயத்தை ஆப்பிள் என்று நினைத்துக் கடித்தான். இரவு வீடு திரும்பும்போது உனக்கு ஏதாவது ஓர்மை இருந்ததா என்று கேட்டேன். "எல்லாம் கேட்டுதுண்ணே. செண்டைச் சத்தம்கூடக் கேட்டுது. வெங்காயம்னும் தெரிஞ்சுது. ஆனா வேண்டாம்னு சொல்லத் தோணல்ல" என்றான். பிரெய்டு தேடிய விளக்கமும் பாட்டா சொன்னதும் அந்த ஒரு பதிலில் இருந்தன.

தமிழ்ப் பத்திரிகைகள் நெடுங்காலம் இதை 'மனோவசியம்' என்றே எழுதிவந்தன. அந்தச் சொல்லை நான் மனதார எதிர்க்கிறேன். மந்திரவாதம், ஏவல், வசியம் என்ற பேச்சோடு வளர்ந்த மாவட்டம் இது. சித்தப்பா இறந்தபிறகு சித்திக்கு மாதக்கணக்கில் உறக்கம் வரவில்லை. மாத்திரையோடு இந்த முறையையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஒரு மனநல மருத்துவர் சொன்னார். அவர் சொன்ன சொல் மனோவசியம். சித்தி எழுந்து வெளியே வந்துவிட்டார். "வசியம்னா நம்ம புத்திய இன்னொரு ஆளு பிடிச்சு வைக்கதுல்லா?" என்று வண்டியில் வரும்போது கேட்டார், கை நடுங்கிக்கொண்டிருந்தது. சொல்லின்படி பார்த்தால் அவர் கேட்டதில் தவறே இல்லை. வசியம் என்றால் ஒருவர் பிடிப்பவர், மற்றவர் பிடிபடுபவர். உண்மையில் இதில் வேலை செய்வது உட்கார்ந்திருப்பவரின் மனம்தான். ஆளுக்கு ஆள் அந்தத் திறன் மாறும். சிலர் எளிதில் ஆழ்ந்துவிடுவார்கள், சிலரிடம் எவ்வளவு முயன்றாலும் வராது. 1959இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதை அளக்க அளவுகோலே உருவாக்கினார்கள். அறிதுயில் என்ற சொல்லில் பிடிப்பவர் என்று யாருமே இல்லை. துயில்பவரும் அவரே, அறிபவரும் அவரே.

மருந்தால் வரும் நிலையையும் இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே வேலைக்குப் போட்டியிட்டவைதான். 1845 முதல் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற அறுவை மருத்துவர், யானைக்கால் நோயால் வந்த பெரிய கட்டிகளை மெஸ்மரிச நிலையில் வைத்தே அறுத்தெடுத்தார். மறு ஆண்டு அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் ஈதர் கொடுத்து அறுவை செய்து காட்டினார்கள். 1847இல் எடின்பரோவில் குளோரோஃபார்ம் வந்தது. மருந்து எல்லோரிடமும் வேலை செய்தது, நிமிடங்களில் செய்தது. எஸ்டெய்லின் முறை ஒதுங்கிவிட்டது.

ஆனால் ஈதர் தந்ததும் உறக்கம் இல்லை. உறங்குபவரைத் தட்டினால் எழுவார். அறுவை மேசையில் இருப்பவரைக் கத்தி கிழித்தாலும் எழமாட்டார். உறக்கத்துக்குள் ஆழ்நிலையும் கனவு நிலையும் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிமாறி வரும், அந்த மாற்றம் மயக்க மருந்தில் இல்லை. சாராயம் குடித்துவிட்டுக் கிடப்பவருக்கும் இரவின் முன்பாதியில் கனவு உறக்கம் குறைந்துபோகிறது, பின்பாதியில் உறக்கம் அடிக்கடி கலைகிறது. அதனால்தான் எட்டு மணி நேரம் கிடந்தும் காலையில் அலுப்பாக எழுகிறார். இவற்றுக்கெல்லாம் மயக்கம் என்ற சொல்லே சரி. தொல்காப்பியம் ஐம்பூதங்களும் 'கலந்த மயக்கம் உலகம்' என்கிறது. மயக்கத்தின் பழம்பொருள் கலப்பு. ஒன்றோடொன்று கலந்து, பிரித்தறிய முடியாமல் போவது.

'நார்கோ' சோதனையை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பென்டோதால் போன்ற மருந்தை ஊசியில் ஏற்றி, அரைமயக்கத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்பது. கிரேக்கத்தில் நார்கே என்றால் மரத்துப்போதல். தொட்டால் மின்சாரம் பாய்ச்சிக் கையை மரக்கவைக்கும் திருக்கை மீனுக்கும் அதே பெயர்தான். இந்தச் சோதனையைத் தமிழ்ச் செய்திகளில் 'உண்மை கண்டறியும் சோதனை' என்று எழுதுகிறார்கள். அது பெரும் தவறு. அரைமயக்கத்தில் நடந்ததும் நினைத்ததும் பயந்ததும் கலந்து வெளிவரும். ஒருவரின் சம்மதம் இல்லாமல் இதைச் செய்வது அரசமைப்புக்கு எதிரானது என்று 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'மயக்க மருந்து விசாரணை' என்று எழுதினால் வாசிப்பவர் எந்த உண்மையையும் எதிர்பார்த்து ஏமாறமாட்டார். அறிதுயிலில் மீட்டெடுக்கும் நினைவுகளையும் சாட்சியமாக அப்படியே நம்ப முடியாது என்பதைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அறிதுயில் வழியே இன்னொரு சொல்லும் கிடைக்கிறது. கனவு காணும்போதே இது கனவு என்று சிலருக்குத் தெரியும். 1975இல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் இதைச் சோதித்தார். கனவுக்குள் இருந்தபடி, முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைத்துக் காட்டினார் உறங்கியவர். கருவி அதைப் பதிவுசெய்தது. இதைத் 'தெளிகனவு' என்று சிலர் எழுதுகிறார்கள். 'அறிகனவு' என்றால் அறிதுயிலுக்கு உடன்பிறப்பாக இருக்கும், இதுவும் வினைத்தொகையே.

சிகிச்சைக்கு அறிதுயில் மருத்துவம் என்று சொல்லலாம். செய்பவரை 'அறிதுயில் ஆழ்த்துபவர்' என்று எழுதினால் பழைய வசியக்காரர் மறுபடி உள்ளே வந்துவிடுவார். 'அறிதுயில் வழிகாட்டி' போதும். சித்தியிடம் நான் இந்தச் சொல்லைச் சொன்னபோது, "நம்ம திருவட்டாறு சாமி கெடக்குத மாதிரியா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வாரம் எந்தக் கிழமை போக வேண்டும் என்று விசாரித்தார்.