இறாலுக்கு 3 நிமிடம், அரிசிக்கு 20

ஓர் அரிசி மணியின் தடிமன் 2 மில்லிமீட்டர்கூடத் தேறாது. உரித்த நடுத்தர இறாலின் தடிமன் ஒன்றரை சென்டிமீட்டர் வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் எது முதலில் வேகும்? மெலிந்ததுதான் என்று சொல்லத் தோன்றும். நடப்பதோ தலைகீழ். இறால் 2, 3 நிமிடத்தில் வெந்துவிடுகிறது, அரிசிக்கு 15 முதல் 20 நிமிடம் வரை ஆகிறது.

இதை யோசிக்காமல்தான் நான் முதல்முறை இறால் சோறு செய்தேன். ஒரே பாத்திரத்தில் செய்தால் வேலை மிச்சம் என்று நினைத்து அரிசி, இறால், வெங்காயம், தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். இருபது நிமிடம் கழித்துத் திறந்தால் சோறு பிரமாதம், இறால் மட்டும் பென்சில் அழிக்கிற ரப்பர். மென்று மென்று தாடை வலித்ததுதான் மிச்சம்.

சரி, ஏன் இப்படி? இறால் வேகுவதற்கு வெளியிலிருந்து வர வேண்டியது சூடு ஒன்றுதான். தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதன் சதையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அரிசியின் கதை வேறு. காய்ந்த மணியில் ஈரம் 12, 13 சதவீதம் இருந்தாலே அதிகம். சூடு சில நொடிகளில் அதன் நடுவரை போய்விடும், ஆனால் வெறும் சூட்டால் மாவுச்சத்து வேகாது, தண்ணீரும் நடுவரை போய்ச் சேர வேண்டும். அந்த இறுகிய மாவுச்சத்துக்குள் தண்ணீர் ஊறிப் போகும் வேகம், சூடு பரவும் வேகத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. ஆக, இறால் சூட்டுக்காகக் காத்திருக்கிறது, அரிசி தண்ணீருக்காகக் காத்திருக்கிறது. அரிசியை அரைமணி நேரம் ஊறவைத்தால் சீக்கிரம் வேகிறதே, அதற்கும் இதுதான் காரணம். காத்திருப்பில் ஒரு பகுதியை அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே முடித்துவிடுகிறோம்.

இதே கணக்கில் இன்னொன்றும் உண்டு. சூடோ தண்ணீரோ ஒரு பொருளின் நடுவுக்குப் போக எடுக்கும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதாவது தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு. பொடி இறாலையும் பெரிய இறாலையும் கலந்து வதக்கினால் பெரியது வேகுவதற்குள் சிறியது சுண்டிப்போவது இதனால்தான்.

முதலில் அரிசியைப் பார்த்துவிடுவோம். மாவுச்சத்து மணிக்குள் நுண்ணிய துகள்களாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீரும் இருந்து, சூடும் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டி 80ஐ நெருங்கும்போது (ரகத்துக்கு ரகம் கொஞ்சம் மாறும்) அந்த அடுக்கு குலைந்து, துகள்கள் தண்ணீரைக் குடித்து வீங்கிக் கூழாகின்றன. மாவுச்சத்தில் இரண்டு வகை: நூல் போல நீண்ட அமைலோஸ், கிளைவிட்ட மரம் போன்ற அமைலோபெக்டின். அமைலோஸ் அதிகமுள்ள அரிசி உதிரியாக நிற்கும், அது கிட்டத்தட்ட இல்லாத அரிசி பிசின் மாதிரி ஒட்டும். அரிசி களையும்போது வெள்ளையாகக் கலங்கி ஓடுவது மணிகள் உரசி உதிர்ந்த மாவு. அதைக் களையாமல் விட்டால் உதிரி ரகம்கூடக் கொஞ்சம் பசைபோட்டுக்கொள்ளும்.

தண்ணீர் அளவில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒன்றுக்கு ஒன்றரை என்ற விகிதம் ஒரு கப் வெள்ளை அரிசிக்கு அழகாக வரும், அதையே நான்கு கப்புக்குச் செய்தால் குழைந்துவிடும். காரணம், அரிசி உறிஞ்சுவது ஏறக்குறைய தன் அளவுக்குச் சமமான தண்ணீரைத்தான். அந்த மேல் அரை கப், ஆவியாகப் போவதற்கு. எவ்வளவு ஆவியாகும் என்பதைத் தீர்மானிப்பது பாத்திரத்தின் அகலமும் மூடியின் இறுக்கமும் அடுப்பு எரியும் நேரமும்தான், அரிசியின் அளவுக்கு அதில் பெரிய பங்கு இல்லை. அதனால் நான்கு கப்புக்கு 6 கப் தண்ணீர் வேண்டாம், நாலரையை ஒட்டி வைத்தால் போதும்.

ரைஸ் குக்கருக்குச் சோறு வெந்தது எப்படித் தெரிகிறது என்று கேட்பார்கள். தெரியாது. தண்ணீர் தீர்ந்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் அடி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், கொடுக்கிற சூடெல்லாம் ஆவியாக்குவதற்கே செலவாகிவிடும். தண்ணீர் தீர்ந்ததும் சூடு குபுக்கென்று ஏறும். அந்தச் சூட்டில் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கும்படி செய்த ஓர் உலோகத் துண்டு அடியில் இருக்கிறது. பிடி விட்டதும் டக்கென்று ஸ்விட்ச் விழுகிறது. 1955இல் தோஷிபா நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த தானியங்கிக் குக்கரில் இந்த ஏற்பாடு இல்லை. வெளிப்பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் சுமார் 20 நிமிடத்தில் ஆவியாகித் தீரும், உடனே சூடு 100ஐத் தாண்டும், இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை வளைந்து மின்சாரத்தை நிறுத்தும். எளிமையான யோசனைதான், ஆனால் எனக்கு இன்னும் அதிசயமாகவே இருக்கிறது.

இப்போது இறால். அதன் சதையில் நமக்கு முக்கியமான புரதங்கள் இரண்டு, மயோசினும் ஆக்டினும். 50 டிகிரியைத் தாண்டியதும் மயோசின் உருக்குலைந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளத் தொடங்கும். கண்ணாடி மாதிரி இருந்த சதை வெண்மையாகும், கொழகொழப்பு போய்க் கடிக்கப் பதமாகும். 65, 70ஐத் தாண்டினால் ஆக்டினும் குலைய ஆரம்பிக்கும். அப்போது தசைநார்கள் இறுகச் சுருங்கி உள்ளிருக்கும் தண்ணீரைத் துணி பிழிவதுபோலப் பிழிந்துவிடும். மயோசின் முடிந்து ஆக்டின் தொடங்காத அந்தச் சின்ன இடைவெளிதான் நல்ல இறால். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல் கடலுணவுக்குச் சொல்கிற 63 டிகிரியும் அந்த இடைவெளிக்குள்ளேயே விழுகிறது, நம் அதிர்ஷ்டம். சிக்கல் என்னவென்றால், நன்றாகக் காய்ந்த வாணலியில் இறால் அந்த இடைவெளியைக் கடக்க அரை நிமிடம் போதும், நீங்கள் உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தாண்டிவிடும். இறக்கி வைத்த பிறகும் வெளிப்புறச் சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும் என்பதால், முக்கால் பதத்தில் இறக்குவதுதான் சரி.

தெர்மாமீட்டரை இறாலில் குத்திப் பார்க்கச் சொல்ல மாட்டேன். வடிவமே சொல்லிவிடும்: நேராக இருந்தால் வேகவில்லை, பிறை மாதிரி வளைந்தால் பதம், வால் நுனி மறுமுனையைத் தொட்டு வளையமாகச் சுருண்டால் ஆக்டின் தன் வேலையைக் காட்டிவிட்டது. குடலை எடுக்கிறேன் என்று முதுகை ஆழமாகக் கீறியிருந்தால் சுருளும் விதம் மாறும், அப்போது நடுச்சதையின் வெண்மையைப் பார்த்துக்கொள்ளலாம். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், வெளியே சிவந்திருந்தாலும் நடுவில் பச்சையாக இருக்கலாம்.

அந்த நிறம் எங்கிருந்து வருகிறது? அது புதிதாக உண்டாவதில்லை, முதலிலிருந்தே அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அஸ்டாசாந்தின் என்ற ஆரஞ்சு நிறமி, பாசியில் தொடங்கி உணவு வழியாக இறாலுக்கு வந்து சேர்கிறது. சால்மன் மீனின் சிவப்பும் இதுதான். உயிருள்ள இறாலில் க்ரஸ்டாசயனின் என்ற புரதம் இந்த நிறமியை இறுகப் பிடித்து வளைத்து வைத்திருப்பதால் அது நீலச் சாம்பலாகத் தெரிகிறது. சூட்டில் புரதம் குலைந்து பிடி தளர்ந்ததும் ஆரஞ்சு வெளியே வந்துவிடுகிறது. இன்னொரு விஷயம், இது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஓட்டையும் தலையையும் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அவற்றை எண்ணெயில் ஐந்து நிமிடம் நிதானமாக வறுத்தால் எண்ணெயே செம்மஞ்சளாகும், வாசனையும் அதில் இறங்கும். அப்புறம் அதிலேயே தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி, அந்தத் தண்ணீரில் அரிசியை வேகவையுங்கள். இறால் சோற்றின் ருசியில் பாதி இறாலே சேராமல் வந்துவிடும்.

மிச்சப் பாதிக்கு இறால் எப்போது போக வேண்டும்? அடுப்பை அணைத்த பிறகு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கப் அரிசி வெந்தால் 450 கிராம் சோறு என்று வைத்துக்கொள்வோம், சூடு 97 டிகிரி. அதில் 20 டிகிரியிலுள்ள 200 கிராம் இறாலைப் புதைத்து மூடினால், இரண்டும் சூட்டைப் பகிர்ந்துகொண்டு 73 டிகிரியை ஒட்டி வந்து நிற்கும். பாத்திரமும் மூடியும் கொஞ்சம் இழுத்துக்கொள்வதைக் கழித்தால் 70க்குக் கீழே. அடுப்பு அணைந்திருப்பதால் அதற்கு மேல் ஏற வழியில்லை. சோறு எப்படியும் பத்து நிமிடம் மூடியிருக்க வேண்டும், மேலே உலர்ந்தும் அடியில் ஈரமாகவும் இருப்பது அந்த நேரத்தில்தான் சமமாகும். அந்தப் பத்து நிமிடத்தில் இறாலும் வெந்துவிடுகிறது. ஆனால் இதே சோற்றில் 400 கிராம் இறாலைப் போட்டால் கணக்கு 61க்கு இறங்கிவிடும், அது போதாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற இறாலும் அப்படித்தான். இறால் நிறைய வேண்டுமென்றால் தனியாக வாணலியில் வதக்கிக் கடைசியில் கலப்பதே மேல்.

வாணலியில் வதக்குகிறவர்கள் ஒன்று செய்ய வேண்டும்: இறாலைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட வேண்டும். தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுபோக ஆகும் சூட்டைப்போல ஐந்து மடங்குக்கு மேல், அதை ஆவியாக்க ஆகும். ஈரம் இருக்கும்வரை மேல்தோல் 100ஐத் தாண்டாது, வறுபட்டுச் சிவக்கவும் செய்யாது, ஏனென்றால் அந்த வறுத்த நிறத்தையும் மணத்தையும் தருகிற மெயிலார்ட் வினை மும்முரமாக நடக்க 140 டிகிரி பக்கம் வேண்டும். உறைந்த இறால் சிலவற்றில் பாஸ்பேட் உப்பு சேர்த்துத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பார்கள், அது வாணலியில் வெள்ளையாகத் தண்ணீர் விட்டு இறாலை அவித்த மாதிரி ஆக்கிவிடும். வீட்டில் செய்யக்கூடிய ஒரு தந்திரம், அரை கிலோ இறாலுக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் அரை டீஸ்பூன் உப்பும் பிசிறிக் கால் மணி நேரம் வைப்பது. சோடாவின் காரத்தன்மையில் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரானது) புரதங்கள் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும், கடித்தால் பட்டென்று உடையும் பதம் வரும். அதிகம் போட்டால் சவக்காரம் தின்ற மாதிரி இருக்கும், நான் தின்றிருக்கிறேன்.

கவுச்சி வாடைக்கு எலுமிச்சை பிழிவது வெறும் பழக்கம் இல்லை. வாடைக்கு முக்கியக் காரணமான டிரைமெத்தில் அமீன் ஒரு காரம், அமிலம் அதைக் காற்றில் பறக்காத உப்பாக மாற்றிவிடுகிறது. வாடையை அடக்கலாம், கெட்டுப்போன இறாலை அது நல்லதாக்காது. சூடு எல்லாப் புரதத்தையும் அடக்கிவிடும் என்றும் நம்ப வேண்டாம். இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணமான டிரோபோமயோசின், கொதித்தாலும் அசையாது.

மீந்த சோறு மறுநாள் வறுப்பதற்கு ரொம்ப நல்லது, ஃபிரிட்ஜில் இருக்கும்போது மாவுச்சத்து மறுபடி இறுகி மணிகள் பிரிந்து நிற்கும். ஆனால் ராத்திரி முழுவதும் வெளியே விட்டால் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். அதன் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது, அது சோற்றில் விடுகிற ஒரு நஞ்சு திரும்பக் கொதிக்கவைத்தாலும் அழியாது. அதனால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆற்றி, ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். வைக்கும்போதே இறாலைத் தனியாகப் பொறுக்கி இன்னொரு டப்பாவில் போடுங்கள். சோறு ஆவி பறக்கச் சூடாக வேண்டும், அந்தச் சூட்டை இறால் இரண்டாவது முறை தாங்காது. மறுநாள் சோற்றை மட்டும் நன்றாகச் சூடாக்கி, தட்டில் போட்ட பிறகு குளிர்ந்த இறாலை மேலே வைத்துக் கிளறிக்கொண்டால் போதும்.