வர்த்தமானிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேணும்" என்று சொல்லும் பெற்றோரோடு நான் வாதாடுவதில்லை. போர்க்காலத்திலும் மாதம் தவறாமல் சம்பளம் வந்தது அரசாங்க உத்தியோகத்தர் வீட்டுக்குத்தான். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்கள் வெறிச்சோடின. மறுவருடமே கொரோனா. வாடைக்காலம் தொடங்கியதும் "சீசன் முடிஞ்சுது, பிறகு கூப்பிடுறம்" என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் இடங்கள் இன்றும் உண்டு. இதையெல்லாம் கண்ட தாய் தகப்பன் பென்சன் உள்ள வேலையைத் தேடுவதில் பிழையில்லை.

திருகோணமலையில் தொழில் வழிகாட்டல் செய்யும் எனக்குக் கவலை தருவது, அந்த வேலைக்காகச் சும்மா இருந்து போகிற வருடங்கள்தான். வெள்ளிதோறும் அரசாங்க வேலை அறிவித்தல்கள் வரும் வர்த்தமானியைப் பார்ப்பது, போட்டிப் பரீட்சை வகுப்புக்குப் போவது, பெறுபேறு வரும்வரை வீட்டில் இருப்பது. 2020இல் ஐம்பதாயிரம் பட்டதாரிகளை 20,000 ரூபாய் கொடுப்பனவில் பயிலுநர்களாக எடுத்தார்கள். அப்படி இன்னொன்று வரும் என்ற நம்பிக்கை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதற்குள் வயதெல்லை வந்துவிடுகிறது.

அண்மையில் வந்த ஒரு தங்கச்சியின் கோப்பில் சான்றிதழ்கள் எல்லாம் லெமினேட் செய்து வரிசையாக இருந்தன. பட்டம் முடித்த பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "டியூஷன் குடுத்தன் மிஸ், ஒரு கடையில கணக்கும் பார்த்தன்." அதற்கு ஒரு கடிதமும் இல்லை. அவர் பார்த்தது உண்மையான கணக்காளர் வேலை, ஆனால் கடதாசியில் அந்த வருடங்கள் வெறுமை. "கவர்மென்ட் கிடைக்கும்வரைதானே, எதுக்குக் கடிதம்?" என்று விட்டிருக்கிறார்.

பிரைவேட் என்றால் உரிமை ஒன்றும் இல்லை என்ற எண்ணம்தான் இங்கே அதிகம் கெடுக்கிறது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி அங்கெல்லாம் வேலை செய்பவருக்கு நியமன விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். மாதாமாதம் உங்கள் பெயரில் சேரும் ஊழியர் சேமலாப நிதி (EPF) முதல் நாளிலிருந்தே உண்டு. "தற்காலிகம், புரபேசன்" என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. உங்கள் சம்பளம் 40,000 என்று வையுங்கள். உங்களிடமிருந்து 8 வீதம், 3,200. முதலாளி 12 வீதம், 4,800. இதைவிட ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) முதலாளி தன் கையால் 3 வீதம், 1,200. மாதம் 9,200 ரூபாய் உங்கள் பெயரில் சேர வேண்டும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமென்றால், ஐந்து வருடம் முடித்து விலகும்போது வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். பென்சனுக்கு இது ஈடாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்காமல் விட்டால் இதுவும் இல்லை.

அரசாங்க விண்ணப்பத்தை நிறுத்தச் சொல்லவில்லை. வேலையில் இருந்துகொண்டே பரீட்சை எழுதுங்கள். திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள சீனக்குடா ஆலைகள் என்றால் மூட்டை தூக்கும் வேலை மட்டும் என்று நினைக்கும் பெற்றோரும் உண்டு. அங்கே ஆய்வுகூடம், மின் பராமரிப்பு, கணக்குப் பிரிவு எல்லாம் இருக்கின்றன. (பெண்பிள்ளை என்றால் இரவு வேலை நேரம், வாகன வசதி பற்றி முதலிலேயே கேளுங்கள், வெட்கப்படத் தேவையில்லை.)

ஒரு ஹோட்டலில் வேலை செய்த தம்பி ஒருவரின் சம்பளச் சீட்டில் 8 வீதம் மாதாமாதம் வெட்டப்பட்டிருந்தது. சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் கேட்டால் "வரும், வரும்" என்றார்களாம். அவர் சீட்டுகளை எறியாமல் ஒரு கவரில் வைத்திருந்தார். அவற்றோடு தொழில் அலுவலகத்துக்குப் போகச் சொன்னேன். நிலுவையைக் கட்டச் செய்ய அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு, பிந்திக் கட்டினால் முதலாளி மேலதிகத் தொகையும் கட்ட வேண்டும். நீங்களும் முதல் மாதச் சம்பளத்திலேயே அந்த இலக்கத்தைக் கேளுங்கள், சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், தராவிட்டால் அடையாள அட்டையோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.