காண்ட்ராஸ்ட்: மாறுபாடா, முரணா?

திருநெல்வேலிப் பக்கத்து ஸ்டூடியோக்களில் படம் அச்சுக்குப் போகும் முன் அடிக்கடி காதில் விழும் பேச்சு, "காண்ட்ராஸ்ட் கொஞ்சம் கூட்டிப் போடுங்க அண்ணாச்சி" என்பதுதான். புயல்மழை ஓய்ந்த மறுநாள் எடுத்த மலைப்படமோ ஆற்றுப்படமோ என்றால் இந்தக் கோரிக்கை இன்னும் அழுத்தமாக வரும். படத்தில் வெளிச்சமும் இருளும் எதிர்த்துத் தெரிவதைக் குறிக்கும் இந்தச் சொல்லைத் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'மாறுபாடு' என்று பெயர்க்கிறார்கள். பிழையென்று சொல்ல முடியாது. ஆனால் சொல்லின் பாதி உயிர் அதில் போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

லத்தீனில் 'கோன்ட்ரா' என்றால் எதிர், 'ஸ்டாரே' என்றால் நிற்றல். இரண்டும் சேர்ந்து எதிர்த்து நிற்பது என்னும் பொருளில் இத்தாலியத்துக்கும் பிரெஞ்சுக்கும் சென்ற இச்சொல், 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் ஓவியக் கலைச்சொல்லாக நுழைந்தது. ஒன்றையொன்று எடுத்துக்காட்டும்படி இரண்டை அருகருகே வைப்பதே ஓவியர் கொண்ட பொருள். வேறுபாடு மட்டும் இருந்தால் போதாது, இரண்டும் பக்கத்தில் நின்றாக வேண்டும். பாரிசில் கோபெலின் திரைச்சீலை நெசவாலையின் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் செவ்ரேல் இதைத் தெளிவாகக் கண்டவர். நீலத்துக்கும் ஊதாவுக்கும் இடையே நெய்த கறுப்பு நூல் கறுப்பாகத் தெரியவில்லை என்று குறை வந்தபோது, சாயத்தில் குற்றமில்லை, பக்கத்து நிறம்தான் கறுப்பைக் கெடுக்கிறது என்று அவர் கண்டறிந்தார். அந்த ஆய்வு 1839இல் நூலாக வெளிவந்தது.

தமிழில் இந்த எதிர்நிலைக்குப் பழைய சொல் ஒன்று ஆயத்தமாகவே இருக்கிறது: முரண். "முரண்சேர்ந்த மொய்ம்பி னவர்க்கும்" என்று தொடங்கும் 492ஆம் குறளில் அது பகையைக் குறிக்கிறது. பரிமேலழகர் அங்கே முரணுக்கு மாறுபாடு என்றே உரை கூறுகிறார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் காலத்து மாறுபாட்டில் மோதல் இருந்தது. இன்றோ கையெழுத்து மாறுபாடு, விலை மாறுபாடு என்று அலுவலகத் தாள்களில் புழங்கிப் புழங்கி அது மழுங்கிவிட்டது. முரணுக்கு இன்னொரு தகுதியும் உண்டு. செய்யுளின் அடிகளைத் தொடுக்கும் முறைகளான தொடைகளில், மோனை, எதுகையோடு எண்ணப்படுவது முரண். சொல்லாலோ பொருளாலோ எதிரானவற்றை அடிதோறும் எதிரெதிராகத் தொடுப்பது அது. விளக்கத்துக்காக நானே கட்டிய இரண்டு அடிகள்:

கருமுகில் மலைமேல் கவிந்து நிற்ப
வெண்கொக்கு வயல்மேல் விளங்கிப் பறக்கும்

கருமையும் வெண்மையும் அடிமுதலில் எதிர்நிற்பதால் இது முரண்தொடை. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் இதுவே ஒரு புகைப்படமும்கூட.

அந்தப் படத்தை உண்மையாகவே நான் எடுத்தேன். கார்த்திகை மாதப் புயல்மழை வெறித்த மறுநாள் காலை, கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு போகும் வழியில், பிசானப் பருவ நெல் நடவு முடிந்த வயலொன்றின் வரப்பில் நின்றிருந்தேன். மழை காற்றிலுள்ள தூசியைக் கழுவிவிடுவதால் மேற்கே மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தன. மற்ற நாட்களில் இடையிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறும் வெளிச்சம் மலையின் கருமைமேல் வெள்ளைப் பூச்சாகப் படிந்து ஒளிக்கும் இருளுக்கும் உள்ள முரணைக் குறைத்துவிடும். மலைக்குப் பின்னால் கருமேகம் விலகாமல் நிற்க, கீழ்வானத்து வெயில் மேகத்தின் அடியில் நுழைந்து நாற்றின்மீதும் நான்கைந்து கொக்குகளின்மீதும் விழுந்தது. வீட்டுக்கு வந்து திரையில் பார்த்தால் படம் மந்தாரமாகக் கிடந்தது. கேமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பலாக்கவே கணக்குப் போடும் என்பதால், படத்தில் பாதிக்கு மேல் இடம்பிடித்த கருமேகத்தை அது வெளுக்க வைத்திருந்தது. எடுக்கும்போதே ஒளியளவை ஒரு படி குறைத்திருக்க வேண்டியது என் பொறுப்பு.

அவசரத்தில் படத்திருத்த மென்பொருளின் காண்ட்ராஸ்ட் ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளினேன். மேகம் மிரட்டலாக மாறியது. கூடவே கொக்குகளின் சிறகு வரிகள் அழிந்து சுண்ணாம்புப் பொட்டுகளாகிவிட்டன, பனைமரத்தின் அடி கரிக்கட்டையாகிவிட்டது. காரணம் எளியது. அந்த ஸ்லைடர் நடுத்தொனிக்கு, அதாவது நடுத்தரச் சாம்பலுக்கு, மேலுள்ளதை மேலும் வெளுக்கவும் கீழுள்ளதை மேலும் கறுக்கவும் செய்வது. கேமரா சுருக்கித் தரும் ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 0 முதல் 255 வரை 256 ஒளிப்படிகளே இருப்பதால், இரு முனைகளிலும் போய் முட்டியவை அங்கேயே ஒன்றாகி நின்றுவிடும். நல்லவேளையாக, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பும் இருந்தது. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். முதலில் முழுக் கறுப்பு தொடங்கும் கரும்புள்ளியையும் முழு வெள்ளை தொடங்கும் வெண்புள்ளியையும் கொக்கின் சிறகு கெடாத அளவில் நிறுத்தினேன். பிறகு வானத்தை மட்டும் தேர்ந்து ஒளியைக் குறைத்தேன். வயலில் கை வைக்கவே இல்லை; செவ்ரேலின் கறுப்பு நூல் கதையைத் திருப்பிப் போட்டதுபோல, மேகம் இருண்டதும் தொடாத நாற்று தானாகவே பளிச்சிட்டது. மூட்டம் நீக்கும் ஸ்லைடரை மழைக்குப் பிந்தைய படத்தில் தொடாமலிருப்பதே மேல். நீக்க மூட்டமில்லாத இடத்தில் அது மலைமுகட்டோரம் வெள்ளைக் கோடு ஒன்றை இழுத்துவிடும். அந்தக் கோட்டைப் பார்த்தவுடனே, கை மிஞ்சிய படம் என்று தெரிந்துவிடும்.

ஆகவே வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போது ஒளிமுரண் என்றும், சாம்பல்நீல மேகமும் மஞ்சள்பச்சை நாற்றும் எதிர்நிற்பதை நிறமுரண் என்றும் எழுதலாம். சிறுசிறு பகுதிகளுக்குள் மட்டும் கூட்டுவதற்கு உள்முரண் என்பது பொருந்தும் என்று நினைக்கிறேன். வினையாகவும் முரண் வளையும்: மேகமும் கொக்கும் முரணி நிற்கின்றன. முரண்பாடு என்று மட்டும் நீட்டிவிடக் கூடாது. அது வாக்குமூலத்திலும் வாதத்திலும் வரும் பிழையைச் சுட்டும் சொல்லாகிவிட்டது. குறைந்த முரணுக்கோ புதுச்சொல்லே தேவையில்லை, நம் மக்கள் வானத்தைப் பார்த்துச் சொல்லும் மந்தாரமே படத்துக்கும் போதும்.

இவ்வளவு எழுதிய பிறகும், ஸ்டூடியோ மேசைமுன் நின்று "முரண் கொஞ்சம் கூட்டுங்க அண்ணாச்சி" என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. படத்தின் அடியில் குறிப்பு எழுதும்போது மட்டும் ஒளிமுரண் என்றே எழுதிவருகிறேன்.