ஒரு லிட்டர் ஐஸ்கிரீமில் எத்தனை கிராம்?

கடையில் வாங்கிய 700 மில்லி ஐஸ்கிரீம் டப்பாவைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். தீர்ந்த பிறகு காலி டப்பாவையும் நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். 370 கிராம்தான் வந்தது என்றால் வியக்க வேண்டாம். அதே டப்பா நிறையப் பால் ஊற்றினால் 720 கிராம் இருக்கும். மீதி இடத்தை அடைத்திருப்பது காற்று. பொருள் பட்டியலில் அதற்குப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. ஆனால் ஐஸ்கிரீமில் சேரும் நிரப்பிகளிலேயே பெரியது அதுதான்.

தொழிற்சாலையில் இதற்கு 'ஓவர்ரன்' என்று பெயர். ஒரு லிட்டர் கலவையைக் கடைந்து இரண்டு லிட்டராக்கினால் ஓவர்ரன் 100 சதவீதம். இந்திய உணவுத் தர விதிப்படி ஐஸ்கிரீம் லிட்டருக்கு 525 கிராமுக்குக் குறையக் கூடாது; பால் கொழுப்பு 10 சதவீதம், மொத்தத் திடப்பொருள் 36 சதவீதமாவது இருக்க வேண்டும். உறைய வைக்காத கலவை லிட்டருக்குச் சுமார் 1,100 கிராம் எடை கொண்டது. கணக்குப் போட்டால், பாதிக்கும் சற்று அதிகமாகக் காற்று அடைக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. 'மீடியம் ஃபேட்', 'லோ ஃபேட்' வகைகளுக்கு 475 கிராம் போதும்.

காற்றே இல்லாமலும் முடியாது. இல்லாவிட்டால் கரண்டி இறங்காத பனிக்கட்டிதான் மிஞ்சும். குறை காற்றில் இல்லை, விலையை மில்லியில் ஒப்பிடும் நம் பழக்கத்தில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, 700 மில்லி டப்பாக்கள் இரண்டு. ஒன்று 200 ரூபாய், எடை 370 கிராம். மற்றது 260 ரூபாய், எடை 500 கிராம். 100 கிராமுக்கு முதலாவது 54 ரூபாய், இரண்டாவது 52 ரூபாய். மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடியது.

இவ்வளவு காற்றைப் பிடித்து நிறுத்துவது எது? உணவில் சேர்க்கும் பொருள்களுக்குப் பட்டியலில் குறியீட்டு எண்கள் இருக்கும். அதில் 471 என்ற எண்ணைத் தேடுங்கள்: மோனோ, டைகிளிசரைடுகள் என்ற கொழுப்பு வகைச் சேர்க்கை. பால் கலவையைச் சுமார் 80 டிகிரியில் சூடாக்கி, அதிக அழுத்தத்தில் நுண்துளை வழியே செலுத்தும்போது கொழுப்பு, 2 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துளிகளாக உடைகிறது. ஒவ்வொரு துளியின் மேலும் பால் புரதம் உறைபோலப் படிகிறது. அந்த உறை உறுதியாகவே இருந்தால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. 4 டிகிரியில் சில மணி நேரம் ஊறும்போது 471 அந்தப் புரதத்தில் ஒரு பகுதியை விலக்கிவிடுகிறது. பிறகு உறைகலனில் கடையும்போது துளிகள் அரைகுறையாக ஒட்டிக் கொத்துக் கொத்தாகி, காற்றுக் குமிழிகளைச் சுற்றி வேலி கட்டுகின்றன. ஐஸ்கிரீமை வெளியே வைத்தும் உருகாமல் நிற்பதைக் காட்டி, 'பிளாஸ்டிக்' என்று சொல்லும் காணொளிகளுக்கு விடை இங்கே இருக்கிறது. பனி உருகிவிட்டது, கொழுப்பும் பசையும் கட்டிய நுரைச்சட்டகம் மட்டும் சரியாமல் நிற்கிறது.

அந்தப் பசைகள்தான் 412, 410, 466, 407. பார்த்தால் பயமுறுத்தும் எண்கள். 412 என்பது குவார் பசை, நம் கொத்தவரையின் விதையிலிருந்து எடுப்பது. பெருமளவு ராஜஸ்தானில் விளைகிறது. 410 கேரப் மரத்தின் விதைப்பசை. 407, அதாவது கராஜீனன், கடற்பாசியிலிருந்து வருகிறது. ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி இதற்கான மூலப்பொருள். 466 மட்டும் மரக்கூழின் செல்லுலோஸை வேதிமாற்றம் செய்து கிடைப்பது. இவை எல்லாம் சேர்ந்தும் கலவையில் அரை சதவீதத்தைத் தாண்டுவது அரிது. உருகிய நீரைப் பிடித்து வைத்து, பனிப்படிகங்கள் வளராமல் தடுப்பது இவற்றின் வேலை. படிகம் 50 மைக்ரானைத் தாண்டினால் நாக்கில் நறநறவென்று படும். குவாரும் 466-ம் பால் புரதத்தோடு ஒத்துப்போகாமல் கலவையைப் பிரித்துவிடும் என்பதால் 0.02 சதவீத அளவில் கராஜீனன் சேர்க்கிறார்கள்.

466 குடலுக்குக் கெடுதலா? 2022-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், ஆரோக்கியமான 16 பேரில் ஒரு பிரிவினருக்கு நாளுக்கு 15 கிராம் வீதம் 11 நாள் கொடுத்தபோது குடல் நுண்ணுயிர்களில் மாற்றம் தெரிந்தது. அலட்சியப்படுத்தக் கூடிய செய்தியல்ல. ஆனால் 100 கிராம் ஐஸ்கிரீமில் இருப்பது பெரும்பாலும் 0.2 கிராமுக்குள். ரொட்டி, சாஸ், கேக் என்று தினமும் பல பாக்கெட்டுகளில் சேர்ந்து வந்தால்தான் அளவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

டப்பாவில் 'ஐஸ்கிரீம்' என்ற சொல் இல்லாமல் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று சின்ன எழுத்தில் இருந்தால், பால் கொழுப்பின் இடத்தில் பாமாயிலோ தேங்காய் எண்ணெயோ இருக்கிறது. சூரியகாந்தி எண்ணெய் குளிரில் போதுமான அளவு கெட்டியாகாது, நுரையைத் தாங்காது. அதனால்தான் நிறைவுற்ற கொழுப்பைத் தேடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் 25 டிகிரியிலேயே உருகுவதால் வாயில் சட்டென்று கரையும். பாமாயில் அதைவிட அதிக வெப்பத்தில் உருகுவது; மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டும்.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சர்க்கரை இனிப்புக்கு மட்டுமல்ல. எடை தருவதும், உறைநிலையைக் குறைத்து ஐஸ்கிரீமை மென்மையாக வைப்பதும் அதுதான். அதை எடுத்துவிட்டால் அந்த ஓட்டையை அடைக்க சார்பிட்டால் (420), மால்டிட்டால் (965), பாலிடெக்ஸ்ட்ரோஸ் (1200), மால்டோடெக்ஸ்ட்ரின் ஆகியவை வருகின்றன. மால்டோடெக்ஸ்ட்ரின் மாவுச்சத்தை உடைத்துச் செய்தது. இனிக்காது, ஆனால் இரத்தத்தில் குளுக்கோஸாக வேகமாக ஏறும். சார்பிட்டாலும் மால்டிட்டாலும் அதிகமானால் வயிற்றுப்போக்கு வரும்.

எத்தனை பசை போட்டாலும் குளிர் விட்டுவிட்டு வந்தால் காப்பாற்ற முடியாது. வெப்பம் ஏறும்போது சிறு படிகங்கள் உருகுகின்றன; மீண்டும் குளிரும்போது அந்த நீர் பெரிய படிகங்களின் மேல் உறைகிறது. வாங்கும்போது டப்பாவின் வெளிப்புறம் பிசுபிசுத்தாலோ கோன் வளைந்திருந்தாலோ வேண்டாம். திறந்ததும் மூடியடியில் பூம்பனி தடித்திருந்தாலும், ஐஸ்கிரீம் ஓரத்தை விட்டுச் சுருங்கியிருந்தாலும் அது ஒருமுறை உருகி உறைந்ததாக இருக்கலாம். வீட்டில் ஃப்ரீசர் கதவில் வைக்காமல், பின்பக்கம் மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். மீதமிருந்தால் மேற்பரப்பில் ஒரு பட்டர் பேப்பரை ஒட்ட அழுத்திவிட்டு மூடுங்கள்.